லென்ஸ் வாங்கும் முன் தூரத்தை அளந்து பாருங்கள்: வடசென்னையில் ரேஞ்ச்ஃபைண்டரோடு தொடங்குபவர்களுக்கு

தனி ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்யும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா கைக்கு வந்த அன்றே எல்லோரும் கேட்பது, "35 வாங்கலாமா, 50 வாங்கலாமா?" என்பதுதான். 35, 50 என்பவை லென்ஸின் மி.மீ. அளவு: எண் சிறியதானால் காட்சி அகலும், பெரியதானால் குறுகும். அந்தக் கேள்விக்கு முன் கேட்க வேண்டியது வேறு ஒன்று. படம் எடுக்கும்போது ஆளிடமிருந்து எத்தனை மீட்டர் தள்ளி நிற்பீர்கள்? வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தீபாவளி நேரத்தில் 2 மீட்டர் இடைவெளி கிடைத்தாலே பெரிது. திருவொற்றியூர் கடலோரத்தில் 20 மீட்டர்கூடக் கிடைக்கும். இரண்டு இடத்துக்கும் ஒரே லென்ஸைக் கொண்டுபோகலாம், ஆனால் எந்த இடத்தில் அதிகம் நிற்கப்போகிறீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் வாங்கிய லென்ஸ் ஆறு மாதத்தில் பீரோவுக்குள் போய்விடுகிறது, அங்கே ஃபங்கஸ் (பூஞ்சை) பிடிக்கிறது.

தூரத்தைக் கற்றுத்தர நல்ல புகைப்பட இதழியல் புத்தகங்களைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. அதனால் செலவுக்கான வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் நூலகம், பிறகு கையில் இருக்கும் கைபேசி, கடைசியில் லென்ஸ்.

முதல் படி: உங்கள் பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா உடல்) எதை ஏற்கும்?

ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. கேமராவின் மூலையில் இருக்கும் தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். நடுவில் சின்னதாக, வெளிர் மஞ்சளாக ஒரு கட்டம் இருக்கும். அதற்குள் ஆள் இரட்டையாகத் தெரிவார். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு உருவமும் நெருங்கி வந்து ஒன்றாகும். அந்த இடம்தான் ஃபோகஸ்.

எந்த லென்ஸ் மாட்டினாலும் ஜன்னலில் காட்சி மாறாது. லென்ஸ் எவ்வளவு எடுக்கும் என்பதை வெள்ளைக் கோடுகள்தான் காட்டும், அவற்றுக்கு ஃபிரேம்லைன் என்று பெயர். உங்கள் பாடியில் கோடு இல்லாத லென்ஸை முதல் லென்ஸாக வாங்க வேண்டாம். 1954-ல் வந்த லைக்கா எம்3-ல் 50, 90, 135 மூன்றுக்குத்தான் கோடு உண்டு, 35-க்கு இல்லை. 1957-ல் வந்த எம்2-ல் 35, 50, 90. 1984-ல் வந்த எம்6-ல் 28, 35, 50, 75, 90, 135 என்று ஆறும் உண்டு, இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து தெரியும். கேனன் பி-யில் 35, 50, 100 மூன்றும் எப்போதும் ஒன்றாகத் தெரிவதால் முதல் சில நாள் கண் குழம்பும். ரஷ்யத் தயாரிப்பான ஜோர்க்கி 4-ல் கோடே கிடையாது, ஜன்னல் முழுவதும் ஏறக்குறைய 50-க்கான காட்சி. யாஷிகா எலக்ட்ரோ 35, கேனனெட் போன்றவற்றில் லென்ஸைக் கழற்றவே முடியாது. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு லென்ஸ் கவலை மிச்சம், நேராகப் புத்தகத்துக்குப் போகலாம்.

கண்ணாடி அணிபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எம்6 போன்ற 0.72 மடங்கு ஜன்னலில் 28-க்கான கோடு ஓரத்துக்கு ஓரம் ஒட்டியிருக்கும். மூக்குக்கண்ணாடியோடு பார்த்தால் நான்கு மூலையும் ஒருசேரத் தெரியாது. கடையில் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு "நன்றாகத் தெரிகிறது" என்று வாங்கி வருபவர்கள் வீட்டில் போய்த்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

ஃபோகஸ் எவ்வளவு துல்லியமாக விழும் என்பதும் பாடியைப் பொறுத்தது. கேமராவின் இரண்டு ஜன்னல்களுக்கு இடையே உள்ள தூரத்தை ஜன்னலின் உருப்பெருக்கத்தால் பெருக்கினால் வரும் எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. எம்3-க்கு அது சுமார் 62 மி.மீ., எம்6-க்குச் சுமார் 50, வாய்க்லாண்டர் பெஸ்ஸா ஆர்-க்குச் சுமார் 25. பெஸ்ஸாவில் 35 மி.மீ. லென்ஸ் அருமையாக வேலை செய்யும். அதிலேயே 90-ஐ முழுத் திறப்பில் (அப்பர்ச்சர் என்னும் ஒளித்துளையை முழுதாகத் திறந்து) போட்டுவிட்டு "லென்ஸ் சரியில்லை" என்று சொல்வது நியாயமில்லை.

ஜோர்க்கி 4 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: ஷட்டர் வேகத்தை மாற்றுவதென்றால் பிலிமை முன்னே சுற்றி முடித்த பிறகே மாற்றுங்கள். சுற்றாமல் திருப்பினால் உள்ளே பழுதாகும்.

இரண்டாம் படி: புத்தகத்தில் தூரத்தைப் படிப்பது

படுக்கைவாட்டுப் படத்தில், நிற்கும் ஒருவர் தலை முதல் கால் வரை சரியாக நிறைந்து தெரிய வேண்டும் என்றால், 28 மி.மீ. லென்ஸோடு 2 மீட்டரில் நிற்க வேண்டும். 35-க்கு 2.5 மீட்டர். 50-க்கு 3.5 மீட்டர். 90-க்கு 6.4 மீட்டர். ஆள் படத்தின் பாதி உயரமே இருந்தால் இந்தத் தூரம் இரட்டிப்பாகும். இந்த நான்கு எண்களை ஒரு சீட்டில் எழுதிப் புத்தகத்தின் நடுவே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே பிரெஸோனின் 1952 தொகுப்பை எடுங்கள். ஆங்கிலத்தில் 'தி டிசைசிவ் மொமென்ட்' என்ற பெயரில் வந்த, ஹென்றி மத்தீஸ் அட்டை வரைந்த பெரிய அளவுப் புத்தகம் அது. 2014-ல் அதே அளவில் மறுபதிப்பு வந்தது. அவர் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸோடுதான் வேலை செய்தார். படத்தில் ஒருவர் பாதி உயரம் தெரிகிறார் என்றால் பிரெஸோன் 7 மீட்டர் தள்ளி நின்றிருக்கிறார். ஆள் மூன்றில் ஒரு பங்கு என்றால் 10 மீட்டருக்கும் மேல். புதியவர்கள் பலர் அவர் எப்போதும் ஆள்களின் முகத்தருகே போய் எடுத்தவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கம் பக்கமாக அளந்து பார்த்தால் அப்படி இல்லை என்று தெரியும். இடத்தை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, ஆள் அதற்குள் வந்து சேரும்வரை நின்ற மனிதர் அவர். அதற்கு 50 ஒத்துப்போனது.

அடுத்து ராபர்ட் ஃபிராங்கின் 'தி அமெரிக்கன்ஸ்'. 1958-ல் பாரிஸிலும் 1959-ல் அமெரிக்காவிலும் வந்தது. நாடு முழுவதும் காரில் சுற்றி 27,000-க்கும் மேற்பட்ட ஃபிரேம் எடுத்தார், புத்தகத்தில் இருப்பது 83. லென்ஸைவிடத் தேர்வுதான் இந்தப் புத்தகத்தில் பெரிய பாடம். ஒரு படத்தில் இருக்கும் கொடியோ காரோ சாலையோ சில பக்கம் தாண்டி வேறு ஊரில், வேறு ஆளோடு திரும்ப வருவதைப் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். நூலகப் புத்தகத்தில் அல்ல, உங்கள் நோட்டில்.

யூஜின் ஸ்மித்தின் கிராமத்து மருத்துவர் பற்றிய தொகுப்பு 1948 செப்டம்பரில் லைஃப் இதழில் வந்தது. கொலராடோ மாநிலத்தில் ஒரு மருத்துவரோடு 23 நாள் இருந்து எடுத்தது. ஒரு கதையைப் படங்களால் எப்படிக் கட்டுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் சொல்வது கடினம். ஊர் தெரியும் படம், வேலை நடக்கும் படம், முகம், கை, இரண்டு பேருக்கு இடையே நடப்பது, வேலை முடிந்த களைப்பு என்று ஒவ்வொரு படமும் ஒரு வேலையைச் செய்கிறது. காசிமேட்டு மீன் ஏலத்தை எடுக்கப் போகிறவர் இந்த ஆறு வகையையும் எழுதிக்கொண்டு போனால், ரோல் முழுக்க மீன் படமாகவே திரும்பி வரமாட்டார்.

2011-ல் வந்த 'மேக்னம் கான்டாக்ட் ஷீட்ஸ்' கனமான புத்தகம், விலையும் அதிகம், ஆனால் எங்கே கிடைத்தாலும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். புகழ்பெற்ற படத்துக்கு முன்னும் பின்னும் அதே ரோலில் என்ன இருந்தது என்று காட்டுகிறது. ஒருவர் எத்தனை ஃபிரேம் எடுத்தார், நடுவில் எத்தனை அடி முன்னே போனார், எப்போது குனிந்தார் என்பதெல்லாம் வரிசையாகத் தெரியும்.

நம் பக்கத்துப் புத்தகங்களில், ஹோமாய் வியாரவாலா பற்றி சபீனா கடியோக் எழுதி 2006-ல் வந்த நூலைத் தேடுங்கள். இந்தியாவின் முதல் பெண் புகைப்பட இதழியலாளர் அவர். ஸ்பீட் கிராஃபிக், ரோலிஃப்ளெக்ஸ் போன்ற பெரிய கேமராக்களோடு வேலை செய்தவர். ரேஞ்ச்ஃபைண்டர் பயிற்சிக்கு அந்தப் படங்கள் நேராக உதவாது. ஆனால் அதிகாரிகளும் தலைவர்களும் நிற்கும் கூட்டத்தில் ஒரு ஃபிளாஷ், ஒரு தகடு மட்டும் வைத்துக்கொண்டு எப்போது அழுத்த வேண்டும் என்ற பொறுமையை அவரிடம் கற்கலாம். ரகுபீர் சிங்கின் 'தமிழ்நாடு' வண்ணத்தில் எடுக்கப்பட்டது. ஒரே ஃபிரேமுக்குள் முன்னால் ஒருவர், நடுவில் ஒருவர், பின்னால் ஒருவர் என்று அடுக்குவதை அவரிடம்தான் பார்க்க வேண்டும். பணம் செலவழிக்காமல் தமிழிலேயே படிக்க வேண்டுமென்றால் பி. சாய்நாத் 2014-ல் தொடங்கிய பாரி இணைய ஆவணக் காப்பகம் இருக்கிறது. மதுரைக்காரரான எம். பழனி குமாரின் படக்கட்டுரைகள் அங்கே தமிழில் உள்ளன. துப்புரவுத் தொழிலாளர்களையும் மீன்பிடிக்கும் பெண்களையும் அவர் எந்த உயரத்திலிருந்து எடுக்கிறார் என்று பாருங்கள். உட்கார்ந்து வேலை செய்கிறவரை நின்றுகொண்டு எடுப்பதற்கும், உட்கார்ந்து எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் உடனே புரியும்.

புத்தகம் எங்கே கிடைக்கும்? எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் தொடங்குங்கள். 1954-ம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் பதிப்பாகும் நூல்களின் ஒரு படி அங்கே வர வேண்டும், ஆகவே இந்தியப் பதிப்புகளை முதலில் அங்கேதான் தேட வேண்டும். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கத்திலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் வந்து மாறினால் எழும்பூர் அடுத்த நிலையம். வெளிநாட்டுப் பதிப்புகளுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். பழைய மூர் மார்க்கெட் 1985 தீ விபத்தோடு போனது. அங்கிருந்த பழைய புத்தகக்காரர்கள் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்கு வந்தார்கள். அங்கே போட்டோ புத்தகம் என்று கேட்டால் கல்யாண ஆல்பம் டிசைன் புத்தகம் எடுத்துத் தருவார்கள். பழைய லைஃப், நேஷனல் ஜியாகிரஃபிக் கட்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒரு புத்தகத்தில் 20 படம் போதும். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் நான்கு விஷயம்: மிக அருகில் இருப்பவர் எத்தனை மீட்டர், கேமரா எந்த உயரத்தில் இருந்தது, யாராவது கேமராவைப் பார்க்கிறார்களா, பின்னணியில் தெளிவாக எத்தனை பேர். 20 முடிந்ததும் உங்களுக்குப் பிடித்த படங்களின் தூரம் ஓர் எண்ணைச் சுற்றியே நிற்பதைப் பார்ப்பீர்கள்.

மூன்றாம் படி: ஒரு வாரம் கைபேசியோடு

அந்த எண்ணைத் தெருவில் சோதித்துவிட்டு வாங்குங்கள். பெரும்பாலான கைபேசிகளின் முதன்மைக் கேமரா 24 முதல் 26 மி.மீ.க்குச் சமம். ஜூமை 1.4-ல் வைத்தால் ஏறத்தாழ 35, 2-ல் வைத்தால் ஏறத்தாழ 50. கைபேசிப் படம் கொஞ்சம் உயரமான விகிதத்தில் இருக்கும், அமைப்பில் 3:2 இருந்தால் அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். மூன்று நாள் 35-ல் மட்டும், மூன்று நாள் 50-ல் மட்டும் எடுங்கள். நடுவில் மாற்றக் கூடாது.

தூரத்தைக் கண்ணால் கணிக்கத் தெருவிலேயே அளவுகோல் நிற்கிறது. ஒரு மோட்டார் பைக் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம். ஒரு ஆட்டோ 2.6 மீட்டர். அதனால் பைக்கின் பின்சக்கரத்துப் பக்கம் நீங்களும் முன்சக்கரத்துப் பக்கம் ஆளும் நின்றால் 2 மீட்டர். ஆட்டோ முன்னும் பின்னும் என்றால் 2.6, அதாவது 35 மி.மீ.யில் ஒருவர் முழுதாக நிறையும் தூரம். கையை நீட்டினால் தொட முடிகிறவர் சுமார் 0.7 மீட்டர், அதற்கும் கிட்டே பெரும்பாலான ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் ஃபோகஸ் ஆகாது. பாடியில் திருகி மாட்டும் பழைய திருகு மவுண்ட் லென்ஸ்களில் பெரும்பாலும் 1 மீட்டரோடு நின்றுவிடும். ஒரு வாரம் நடக்கும்போதெல்லாம் "அந்தக் கரும்புஜூஸ் வண்டி எத்தனை மீட்டர்?" என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்து, பிறகு அடியெடுத்து அளந்து சரிபாருங்கள். நான்காம் நாளிலிருந்து தவறு அரை மீட்டருக்குள் வந்துவிடும்.

2 மீட்டர் தூரத்தில் 28 மி.மீ. 2.6 மீட்டர் அகலத்தை எடுக்கும். 35 எடுப்பது 2.1 மீட்டர். 50 எடுப்பது 1.4. 90 எடுப்பது 80 செ.மீ. மட்டும். கொருக்குப்பேட்டைச் சந்திலோ சௌகார்பேட்டைத் தெருவிலோ பின்னால் நகர இடமில்லாதபோது இந்த எண்கள்தான் தீர்மானிக்கின்றன.

நான்காம் படி: ஒரே ஒரு லென்ஸ்

பாடியில் 35-க்குக் கோடு இருந்தால் 35 மி.மீ., எஃப் 2 அல்லது எஃப் 2.5 (எஃப் எண் சிறியதானால் அப்பர்ச்சர் பெரிதாகத் திறந்து அதிக வெளிச்சம் விடும்). எம்3, ஜோர்க்கி வைத்திருந்தால் 50 மி.மீ., எஃப் 2. வடசென்னையின் தெருவுக்கும் துறைக்கும் இதுவே பரிந்துரை. 28 நல்ல லென்ஸ்தான், ஆனால் ஒன்றரை மீட்டருக்குள் போகத் தயங்குகிறவர் கையில் அது எல்லாவற்றையும் குட்டியாக்கிவிடும். 90-ஐ இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள்.

எஃப் 1.4 ஆசை எல்லோருக்கும் வரும். 50 மி.மீ. எஃப் 1.4-ல் 1 மீட்டரில் நிற்கும் ஒருவரை எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் மூன்றரை செ.மீ. மூக்கு நுனியில் ஃபோகஸ் விழுந்தால் கண் மங்கிவிடும். அவர் பேசிக்கொண்டே தலையசைத்தால் அதுவும் போச்சு. அந்த லென்ஸ் பெரிதாகவும் இருக்கும், ஜன்னலின் கீழ் வலது மூலையை மறைக்கும். அந்தப் பணத்துக்குப் பிலிம் வாங்குவது எத்தனையோ மேல்.

புதிதாக வாங்குவதென்றால் வாய்க்லாண்டர் கலர் ஸ்கோப்பார் 35 எஃப் 2.5 மிகச் சிறியது, 134 கிராம்தான், சட்டைப்பையில் போகும். இருட்டில் அதிகம் எடுப்பவருக்கு அதே நிறுவனத்தின் அல்ட்ரான் 35 எஃப் 2, அல்லது ஸைஸ் பயோகான் 35 எஃப் 2. குறைந்த செலவில் தொடங்க ரஷ்ய ஜூபிட்டர் 8 (50, எஃப் 2), இண்டஸ்டார் 61 (55, எஃப் 2.8) இருக்கின்றன. ஜூபிட்டர் 8-ன் அப்பர்ச்சர் வளையத்தில் க்ளிக் இருக்காது, கை பட்டாலே நகரும், ஒவ்வொரு படத்துக்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். லைக்காவிலோ ஜப்பானியப் பாடியிலோ மாட்டினால் தொலைவில் சரியாக விழும். கிட்டத்தில் முழுத் திறப்பில் ஃபோகஸ் சற்றே தள்ளி விழக்கூடும், ஏனென்றால் அது வேறு கணக்கில் செய்யப்பட்ட லென்ஸ். எஃப் 4-க்கு மேல் மூடினால் பெரும்பாலும் தெரியாது. ஜூபிட்டர் 12 (35, எஃப் 2.8) வாங்குமுன் அதன் பின்கண்ணாடியைப் பாருங்கள். பாடிக்குள் ஆழமாக நீளும். உள்ளே வெளிச்சமானி உள்ள பாடிகளில் அது இடிக்குமா, அளவைக் கெடுக்குமா என்று உறுதிசெய்யாமல் திருகவே கூடாது.

39 மி.மீ. திருகு மவுண்ட் லென்ஸை லைக்கா எம் மவுண்டில் போட மெல்லிய வளையம் ஒன்று விற்கிறார்கள். அது மூன்று வகை: 28/90, 35/135, 50/75. தவறான வகையை வாங்கினாலும் ஃபோகஸ் சரியாகத்தான் விழும், ஆனால் ஜன்னலில் வேறு லென்ஸின் கோடு தெரியும், ஓரம் வெட்டப்பட்டு வரும். அதேபோல 40 மி.மீ. லென்ஸ்கள் பெரும்பாலான எம் பாடிகளில் 50-ன் கோட்டைத்தான் கொண்டுவரும். கோட்டுக்கு வெளியே இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று பழகிக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: பழைய லென்ஸைக் கையில் வாங்கியதும்

பணம் கொடுக்கும் முன் பத்து நிமிடம் வேண்டும் என்று சொல்லுங்கள். மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

1. அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, கைபேசி டார்ச்சைப் பின்பக்கம் சாய்வாகப் பிடித்து, முன்பக்கம் வழியே பாருங்கள். நேராக அடித்தால் தூசி மட்டும் தெரியும், சாய்வாக அடித்தால்தான் மற்றவை தெரியும். மர வேர் போல, பனிக்கோலம் போலக் கிளைத்திருந்தால் ஃபங்கஸ். கண்ணாடி முழுக்கப் பால் தடவியது போல இருந்தால் ஹேஸ். ஓரத்தில் எண்ணெய் படிந்த வானவில் நிறத் திட்டு என்றால் ஒட்டிய கண்ணாடிகள் பிரியத் தொடங்கிவிட்டன. நாலைந்து தூசிக்கெல்லாம் பயப்பட வேண்டாம், படத்தில் தெரியாது.

2. கேனன் 50 எஃப் 1.8 திருகு மவுண்ட் என்றால் அப்பர்ச்சர் தகடுகளுக்குப் பின்னால் உள்ள கண்ணாடியைத் தனியாகப் பாருங்கள். அங்கே ஹேஸ் பிடித்துக் கண்ணாடியையே அரித்துவிடுவது அந்த லென்ஸின் பெயர்பெற்ற குறை. துடைத்தாலும் போகாத நிலைக்கு வந்திருக்கலாம்.

3. அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய் மினுக்கு இருக்கிறதா? ரேஞ்ச்ஃபைண்டரில் கையால்தான் மூடுகிறோம் என்பதால் கொஞ்சம் எண்ணெய் வேலையைக் கெடுக்காது, ஆனால் பின்னாளில் அதுவே ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து ஹேஸாகும். விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

4. ஃபோகஸ் வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் இறுகுவது காய்ந்த கிரீஸ், சர்வீஸில் சரியாகும். ஓரிடத்தில் கடகடவென்று ஆடினால் மரைகள் தேய்ந்தவை, வேண்டாம்.

5. பாடியில் மாட்டி, முடிவிலி அடையாளத்தில் வைத்து, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நேர்க்குத்து விளிம்பைப் பாருங்கள். செல்போன் கோபுரம் போதும், எண்ணூர்ப் பக்கம் என்றால் அனல்மின் நிலையப் புகைபோக்கி இதற்கென்றே நிற்கிறது. இரட்டை உருவம் ஒன்றாகச் சேர வேண்டும். பக்கவாட்டில் விலகியிருந்தால் ஃபோகஸ் தவறும். மேலும் கீழுமாக விலகியிருந்தால் படம் கெடாது, ஆனால் கண் வலிக்கும். இரண்டையும் மெக்கானிக் சரிசெய்வார். நீங்களாகத் திருகைத் திருப்ப வேண்டாம்.

6. வீட்டில் ஒரு சோதனை: மேசையில் அளவுகோலைச் சாய்வாக வைத்து, 1 மீட்டரில், முழுத் திறப்பில், 15 செ.மீ. கோட்டில் ஃபோகஸ் செய்து மூன்று படம். பிலிமைக் கழுவிப் பார்க்கையில் 15-க்கு முன்னாலோ பின்னாலோ எவ்வளவு தள்ளித் தெளிவாக இருக்கிறது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறீர்கள் என்றால் விலையோடு சுங்கத் தீர்வையும் வரியும் சேரும். அதையும் கூட்டிப் பார்த்த பிறகு உள்ளூர் விலையோடு ஒப்பிடுங்கள்.

ஆறாம் படி: பார்க்காமலே ஃபோகஸ்

ரேஞ்ச்ஃபைண்டரின் உண்மையான வேகம் இங்கேதான். 35 மி.மீ. லென்ஸை எஃப் 8-ல் வைத்து, தூரத்தை 3 மீட்டரில் நிறுத்துங்கள். ஏறத்தாழ 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எல்லாம் ஏற்கத்தக்க தெளிவில் இருக்கும். ஒரு பைக் நீளத்துக்கு அப்பால், 7 மீட்டருக்குள் இருக்கும் யாரையும் எடுக்கலாம், வளையத்தைத் தொடவே வேண்டாம். இதே அமைப்பில் 50 மி.மீ. என்றால் 2.3 முதல் 4.2 மீட்டர் வரைதான். தெருவுக்கு 35 ஏன் சுலபம் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். 28-ஐ 2 மீட்டரில் வைத்தால் 1.2 முதல் 5 மீட்டர் வரை.

லென்ஸின் அடியில் விரல் வைக்கும் பள்ளமோ சின்னக் கைப்பிடியோ இருந்தால், அது நேர் கீழே இருக்கும்போது எத்தனை மீட்டர் என்று மனப்பாடம் செய்யுங்கள். ஒரு வாரம் டி.வி. பார்க்கும்போது கண்ணை எடுக்காமல் 1, 2, 3 மீட்டருக்குத் திருப்பிப் பழகினால் விரலே சொல்லிவிடும்.

ஏழாம் படி: காசிமேடு

ஏலம் விடிவதற்கு வெகுநேரம் முன்பே தொடங்கிவிடும். ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 400 பிலிமில், விளக்கு வெளிச்சத்தில், எஃப் 2-ல் ஷட்டர் வேகம் 1/30 நொடி என்று தொடங்குங்கள். லென்ஸ் வழியாகப் பார்க்கும் கேமராக்களில்போல உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி தூக்கி விழும் அதிர்வு இல்லாததால் 1/30-ல் கை நிற்கும், ஆனால் கூடையைத் தூக்கி வீசுகிறவர் நிற்கமாட்டார். அவர் எடையைத் தூக்கி நிமிரும் அந்த ஒரு நொடித் தேக்கத்துக்குக் காத்திருங்கள். சூரியன் வந்து ஒரு மணி நேரத்தில் வெளியே 1/500, எஃப் 11 என்று ஏறிவிடும். அதே நேரம் தார்ப்பாய் நிழலுக்குள் எஃப் 4-தான். வெளிச்சமானி இல்லாத பாடிக்கு இந்த இரண்டையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பின்மூடியில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கடல் கிழக்கே. காலையில் கடலைப் பார்த்து நின்றால் எல்லோரும் நிழலுருவம். முகம் வேண்டுமென்றால் கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்.

உதய சூரியனை நோக்கிக் கேமராவை நீட்டிக்கொண்டே நிற்பதுதான் இங்கே நடக்கும் பெரிய விபத்து. துணியாலான ஷட்டர் திரை உள்ள லைக்கா, ஜோர்க்கி போன்றவற்றில் லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி வேலை செய்து திரையில் குண்டூசித் துளை போட்டுவிடும். அப்புறம் ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. எடுத்ததும் கேமராவைத் தாழ்த்துங்கள், மார்பில் தொங்கும்போது லென்ஸ் வானத்தைப் பார்க்காமல் இருக்கட்டும், சும்மா இருக்கும்போது மூடி போடுங்கள். ஆனால் ரேஞ்ச்ஃபைண்டரில் மூடி போட்டிருந்தாலும் ஜன்னலில் காட்சி பளிச்சென்று தெரியும். மூடியோடு ஒரு ரோல் முழுக்க எடுப்பது நிஜமாகவே நடக்கும். மூடியைக் கழற்றியதும் ஒரு குறிப்பிட்ட பையில் போடும் பழக்கம் வேண்டும்: அந்தப் பை காலியென்றால் லென்ஸ் மூடியிருக்கிறது. கேனன் பி, பெஸ்ஸா போன்றவற்றின் உலோகத் திரையில் துளை விழாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும். கூட்டம் குறைவு என்று அந்த நாள்களில் போகாமல் இருக்கிறார்கள், அது தவறு. படகுக்குப் பெயிண்ட் அடிப்பது, இன்ஜின் கழற்றுவது, வலை பின்னுவது எல்லாம் அப்போதுதான் நிதானமாக நடக்கும். புதியவர் பேசிப் பழக இதைவிட நல்ல காலம் இல்லை. முழுக் கூட்டமும் வேண்டுமென்றால் ஞாயிறு.

"ணா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். வேலை நடுவே கேட்க முடியாவிட்டால் எடுத்த உடனே கேமராவைத் தாழ்த்தி முகம் பார்த்துத் தலையசைக்க வேண்டும். வேண்டாம் என்று ஒரு அக்கா கை காட்டினால் அத்தோடு விடுங்கள். பெயர், தொழில், இடம், தேதி ஆகிய நான்கையும் ஃபிரேம் எண்ணோடு நோட்டில் எழுதாத படம் இதழியல் படம் ஆகாது. வடசென்னை என்றாலே கத்தியும் சேறும் என்று காட்டிக் காட்டியே பழக்கிவிட்டார்கள். இந்தப் பகுதிப் பிள்ளைகள் எடுக்கும் படத்திலாவது ஏலம் விடுகிறவரின் கணக்குத் திறமையும், மீன் வெட்டும் அக்காவின் கை வேகமும் அவர்கள் பெயரோடு வரட்டும். துறைமுகக் கேட், கடற்படை, சுத்திகரிப்பு ஆலை ஆகியவற்றின் பக்கம் கேமராவை எடுக்காதீர்கள்.

அங்கே லென்ஸைக் கழற்றி மாட்டவே கூடாது. மீன் செதிலும் ஐஸ் தண்ணீரும் பறக்கும். ஒரே லென்ஸ் போதும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீடு திரும்பியதும்

உப்புக்காற்று காய்ந்து படியும் முன், சுத்தமான தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் பாடியையும் லென்ஸின் உலோகப் பகுதியையும் துடைத்து, பிறகு உலர்ந்த துணி. கண்ணாடியில் முதலில் காற்று ஊதுங்கள். உப்புத் துகளோடு தேய்த்தால் கீறல் விழும். ஏ.சி. அறையில் வைத்திருந்த கேமராவை வெளியே எடுக்கும்போது பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள், இல்லையென்றால் லென்ஸுக்குள்ளேயே வியர்க்கும்.

கேமராவோடு வரும் தோல் உறையில் வைக்காதீர்கள், ஃபங்கஸ் அதில்தான் வளரத் தொடங்குகிறது. ரப்பர் விளிம்பு உள்ள, காற்றுப் புகாத 10 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் 200 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 40-க்கும் 50-க்கும் இடையே நிற்க வேண்டும். 30-க்குக் கீழே போனால் லென்ஸின் கிரீஸ் காயத் தொடங்கும், ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள். ஆரஞ்சு ஜெல் பச்சையானதும் அகலமான வாணலியில் சிறு தீயில் கிளறி, நிறம் திரும்பும்வரை வறுத்து, ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். அந்த வாணலியைச் சமையலுக்கு மறுபடி எடுக்காதீர்கள்.

மாதம் ஒருமுறை டார்ச் சோதனை. ஃபங்கஸ் தெரிந்தால் அந்த லென்ஸை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, பிரித்துத் துடைக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் அந்த வாரமே கொடுங்கள். வெயிலில் வைப்பது படிந்ததைப் போக்காது. நாள் கடந்தால் ஃபங்கஸ் கண்ணாடியின் மேல்பூச்சையே தின்றுவிடும், அதன் பிறகு துடைத்தாலும் கோலம் கோலமாகத் தடம் நிற்கும்.